குளூட்டன் இல்லாத குக்கீஸ்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

கடையில் விற்கும் குளூட்டன் இல்லாத குக்கீகளைச் சிலர் விருப்பத்தின் பேரில் வாங்குகிறார்கள். சிலருக்கு வேறு வழியில்லை. என் தங்கையின் மகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவள். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம்; அதைச் சாப்பிட்டால் குடலுக்குக் கேடு வரும் நோய்தான் செலியாக். அந்த நோய் உறுதியானதிலிருந்து இந்த மூன்று தானியங்களும் அவளுடைய தட்டுக்கு வருவதில்லை. அவளுக்காக வாங்கும் குக்கீகளை அவளுடன் உட்கார்ந்து நானும் சாப்பிடுகிறேன். கோதுமைக் குக்கீயின் சுவை எனக்கு நன்றாகப் பழகியது என்பதால் என் நாக்கு ஒவ்வொன்றையும் அதனுடன் ஒப்பிடுகிறது. அவளோ எதனுடனும் ஒப்பிடாமல், நன்றாக இருக்கிறது அல்லது வேண்டாம் என்று முடித்துவிடுகிறாள். எங்கள் இருவருடைய கருத்தும் ஒன்றுபட்ட இடங்களை நம்பகமானவை என்று கருதி இதை எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளூட்டன் இல்லை என்பதால் ஒரு குக்கீ சுவை கெட்டுப்போக வேண்டிய அவசியமே இல்லை. ரொட்டியின் நிலைமை வேறு. கோதுமையிலுள்ள கிளையாடின், குளூட்டெனின் என்ற இரு புரதங்கள் நீருடன் சேர்ந்து பிசையப்படும்போது உருவாகும் மீள்தன்மையுள்ள குளூட்டன் வலைதான் ரொட்டி மாவில் காற்றைப் பிடித்து வைத்து அதை உப்ப வைக்கிறது. அந்த வலை இல்லாமல் நல்ல ரொட்டி செய்வது உண்மையிலேயே கடினம். குக்கீ மாவிலோ நீர் குறைவு, கொழுப்பும் சர்க்கரையும் அதிகம். கொழுப்பு மாவுத் துகள்களைப் பூசி நீரை அண்டவிடாமல் தடுக்கிறது, சர்க்கரை இருக்கிற நீரையும் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆகவே கோதுமையால் செய்த குக்கீயிலும் அந்த வலை முழுமையாக உருவாவதில்லை, உருவானால் குக்கீ கடினமாகிவிடும் என்று செய்பவர்களே அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். ஆக, மோசமான குளூட்டன் இல்லாத குக்கீ ஒன்றைக் கடித்துவிட்டு, இந்த வகை இப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளத் தேவையில்லை. குறை பெரும்பாலும் கோதுமையின் இடத்தில் என்ன மாவைப் போட்டார்கள், அதை எப்படிக் கையாண்டார்கள் என்பதில்தான் இருக்கிறது.

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் இது தெளிவாகும். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில் அச்சிடுவது பல நாடுகளின் சட்டம். முதல் நான்கு சொற்களைப் படித்தாலே குக்கீயின் குணத்தை ஏறக்குறைய ஊகித்துவிடலாம். சர்க்கரை முதலிடத்தில் வந்து, அடுத்து அரிசி மாவு, மக்காச்சோள மாவுச்சத்து, உருளைக்கிழங்கு மாவுச்சத்து என்று வரிசை போனால், அது வாயில் மாவாகக் கரைந்து அண்ணத்தில் அப்பிக்கொள்ளும் குக்கீயாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதாம் மாவு, பக்வீட் மாவு (பெயரில் வீட் இருந்தாலும் இது கோதுமை அல்ல), வெண்சோள மாவு, ஓட்ஸ் என்று முழுத் தானியமோ கொட்டையோ முதலில் வந்தால் பொதுவாக நம்பி வாங்கலாம்.

இனி வகைவகையாகப் பார்க்கலாம். கடைகளில் அதிகமாகக் கிடைப்பது வெண்ணெய்க் குக்கீ. செய்வதற்கு எளிது என்பதால் எல்லா நிறுவனங்களும் இதில்தான் கைவைக்கின்றன. நல்லதற்கும் மோசமானதற்கும் இடையிலான தூரம் அதிகமாக இருப்பதும் இதில்தான். நான் சாப்பிட்ட மோசமான வெண்ணெய்க் குக்கீகள் எல்லாவற்றிலும் ஒரே குறை இருந்தது: முதல் கடியில் நன்றாக உடைகிறது, வெண்ணெய் வாசனையும் வருகிறது, ஆனால் மென்று விழுங்கும் நேரத்தில் பற்களுக்கிடையில் நறநறவென்று ஏதோ தங்கிவிடுகிறது. அது அரிசி மாவு. அரிசியின் உட்பகுதி கடினமானது. சாதாரணமாக அரைத்தால் மாவில் கூரான சிறு துகள்கள் நின்றுவிடுகின்றன. நீர் அதிகமுள்ள மாவில் அவை ஊறி வெந்து மென்மையாகிவிடும். குக்கீ மாவில் அதற்குப் போதுமான நீரும் இல்லை, அடுப்பில் இருக்கும் நேரமும் குறைவு. எனவே மாவை மிக நுண்மையாக அரைக்க வேண்டும், இல்லையென்றால் பிசைந்த மாவைச் சிறிது நேரம் ஊற வைத்துப் பிறகு சுட வேண்டும். இரண்டையும் செய்யாமல் விற்பனைக்கு அனுப்பிய குக்கீயை முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிட முடிகிறது.

நறநறப்பைத் தவிர்க்க வேறு சில நிறுவனங்கள் அரிசி மாவைக் குறைத்து மாவுச்சத்துகளைக் கூட்டுகின்றன. அங்கே பிரச்சினை மாறிவிடுகிறது. மாவுச்சத்தில் புரதமும் நாரும் ஏறக்குறைய இல்லாததால் குக்கீ கைபட்டாலே பொலபொலவென்று உதிர்கிறது, வாய்க்குள் போனதும் உமிழ்நீரை உறிஞ்சிக் களியாகிறது. இப்படியொரு குக்கீயைத் தின்றுகொண்டே என் தங்கை மகள், "பெரியம்மா, இது வாயிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கு, தண்ணி குடுங்க" என்றாள். அந்தப் பொட்டலத்தின் அடியில் முழுக் குக்கீகளைவிடத் தூளே அதிகமாக இருந்தது.

நிறத்தையும் கவனிக்கலாம். குக்கீ பொன்னிறமாகச் சிவந்து, சுட்ட வாசனை எழுவதற்குக் காரணம் புரதத்திலுள்ள அமினோ அமிலங்களும் சில சர்க்கரைகளும் வெப்பத்தில் வினைபுரிவது. மெயிலார்ட் வினை என்று சொல்வார்கள். மாவுச்சத்தை நம்பிச் செய்த குக்கீயில் புரதம் குறைவு என்பதால் அது வெளிறிக் கிடக்கிறது. சுட்ட மணமும் வருவதில்லை, அதை ஈடுகட்ட வெனிலா வாசனையைக் கொட்டுகிறார்கள். பால் பொடி, முட்டை, பருப்பு மாவு போன்றவற்றைச் சேர்த்தவர்கள் இந்தக் குறையைத் தாண்டிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடிக் காகிதம் ஒட்டிய பொட்டலமாக இருந்தால், ஓரங்களாவது சிவந்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது என் வழக்கமாகிவிட்டது. கொண்டைக்கடலை மாவு சேர்த்த குக்கீக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: நிறம் அழகாக வந்திருக்கும், ஆனால் போதுமான அளவு வேகாவிட்டால் பச்சை மாவு வாடை தொண்டைவரை வரும்.

நாங்கள் இருவரும் ஒரே குரலில் பாராட்டியது பாதாம் மாவுக் குக்கீகளைத்தான். பாதாமில் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு, ஐந்தில் ஒரு பங்கு புரதம். எனவே மாவே தனக்குத் தேவையான கொழுப்பையும் சிவக்கத் தேவையான புரதத்தையும் கொண்டுவந்துவிடுகிறது. பசைகளோ செயற்கை மணமோ தேவைப்படுவதில்லை. நாங்கள் வாங்கிய ஒரு பொட்டலத்தில் பாதாம் மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டையின் வெள்ளைக் கரு, உப்பு ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை. மேற்புறத்தில் மெல்லிய வெடிப்புகள், ஓரத்தில் மொறுமொறுப்பு, நடுவில் சற்றே ஈரம். கடித்தபோது உதிர்ந்த துணுக்கைக்கூட விரலால் ஒற்றியெடுத்துச் சாப்பிட்டோம். இந்தக் குக்கீயைக் கோதுமைக்கு மாற்று என்று சொல்வதுகூடச் சரியல்ல. கோதுமை மாவைக் கொண்டு இதைச் செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. விலை அதிகம் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு சாப்பிட்டாலே வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடுகிறது. கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொழுப்பு மிகுதி என்பதால் நாள்பட்டால் காறல் வாடை வந்துவிடும். தயாரித்த தேதி அண்மையில் உள்ளதாகப் பார்த்து எடுப்பது நல்லது.

சாக்லேட் துண்டுகள் போட்ட மென்மையான குக்கீகள் எனக்கு ஏமாற்றமே தந்தன. மென்மையாக இருக்க வேண்டுமானால் ஈரம் தங்க வேண்டும், ஈரம் தங்கினால் பிடித்துவைக்க ஏதாவது வேண்டும். அதற்காகச் சாந்தன் பசையையோ குவார் பசையையோ சேர்க்கிறார்கள். சாந்தன் என்பது ஒரு வகை பாக்டீரியா சர்க்கரையை நொதிக்கவைத்து உருவாக்கும் பசை. மிகச் சிறிய அளவிலேயே மாவை இறுகப் பிடிக்கும். அளவோடு போட்டால் இருப்பதே தெரியாது. சற்றுக் கூடினாலும் குக்கீ ரப்பர் போல இழுபடும், விழுங்கிய பிறகும் நாக்கில் ஒரு வழவழப்பு மிஞ்சும். சாக்லேட்டின் சுவை அந்த வழவழப்பை மறைத்துவிடும் என்று தயாரிப்பாளர்கள் நினைக்கிறார்கள் போலும், மறைப்பதில்லை. இதே சாக்லேட் குக்கீயை மெல்லியதாக, மொறுமொறுப்பாகச் சுட்டு விற்கும் நிறுவனங்களின் பண்டம் எவ்வளவோ மேல். மொறுமொறுப்பும் உதிர்தன்மையும் குளூட்டன் இல்லாத மாவுகளுக்கு இயல்பாகவே வருபவை. மாவு தானாகப் போகிற வழியில் விட்டுச் செய்த குக்கீகள் நன்றாக அமைகின்றன, எதிர்த்திசையில் இழுத்துச் செய்தவை தடுமாறுகின்றன. இஞ்சிக் குக்கீகள் நன்றாக இருப்பதற்கும் இதுவே காரணம் என்று எண்ணுகிறேன். நன்றாகக் காயச் சுட்டால் அவற்றுக்குப் பொருந்தும். இஞ்சி, பட்டை, கிராம்பின் காரமும் மாவின் சிறு குறைகளை மூடிவிடும்.

மென்மை வேண்டும் என்பவர்கள் ஓட்ஸ் குக்கீயை நாடலாம். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஆகவே பசை எதுவும் சேர்க்காமலே குக்கீக்கு மெல்லுவதற்கான பதம் கிடைத்துவிடுகிறது. சுவையில் பாதாமுக்கு அடுத்த இடத்தை நான் இதற்குத்தான் தருவேன். ஆனால் செலியாக் நோயுள்ளவர்கள் இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஓட்ஸில் இருக்கும் புரதம் அவெனின்; அது கோதுமையின் புரதத்திலிருந்து வேறுபட்டது, செலியாக் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது, ஒரு சிறு பகுதியினருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதைவிடப் பெரிய தொல்லை கலப்படம். கோதுமையும் பார்லியும் விளைந்த அதே வயலில் அடுத்த பருவத்தில் ஓட்ஸ் விளைகிறது, அதே எந்திரங்களால் அறுவடையாகிறது, அதே வண்டிகளில் போகிறது. அப்படிக் கலந்துவிடும் பார்லி மணி மாவு முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு பொட்டலத்தில் ஒன்றுமில்லாமலும் அடுத்ததில் ஆபத்தான அளவிலும் இருக்கக்கூடும். எனவே வெறுமனே ஓட்ஸ் என்று எழுதியிருந்தால் அந்தக் குக்கீ செலியாக் நோயாளிக்கு உரியது அல்ல. குளூட்டன் இல்லாத ஓட்ஸ் என்று தனியே குறிப்பிட்டிருக்க வேண்டும், பொட்டலத்தின் மேலும் அந்த உறுதிமொழி இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓட்ஸ் சேர்ந்த எந்தப் பண்டத்தையும் குளூட்டன் இல்லாதது என்ற பெயரில் விற்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. எங்கள் வீட்டில், மருத்துவரிடம் கேட்டு அவர் சரி என்ற பிறகே ஓட்ஸ் குக்கீ உள்ளே வந்தது.

அந்த உறுதிமொழிக்கு என்ன பொருள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குபவர்களில் பலர் இதில்தான் குழம்புகிறார்கள். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு 2008-இல் திருத்திய வரையறையின்படி, ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மிகாமல் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாத உணவு என்று அழைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியமும் இதே வரம்பைப் பின்பற்றுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட விதியிலும் வரம்பு இதற்கு இணையானதே. முற்றிலும் சூனியம் இல்லையே என்று அஞ்ச வேண்டாம். நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும்வரை பெரும்பாலான செலியாக் நோயாளிகளின் குடலுக்குக் கேடு வருவதில்லை என்று கருதப்படுகிறது. வரம்பின் உச்சத்தில் இருக்கும் குக்கீயில்கூட அந்த 10 மில்லிகிராமை எட்ட வேண்டுமானால் ஒரே நாளில் அரைக் கிலோ சாப்பிட வேண்டும். மாறாக, ஒரு கிராம் சாதாரணக் கோதுமை மாவிலேயே ஏறக்குறைய 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது. கடைக்காரர் கோதுமைக் குக்கீயை எடுத்த அதே இடுக்கியால் குளூட்டன் இல்லாத குக்கீயையும் எடுத்துக் கொடுப்பது ஏன் கூடாது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். மூடி முத்திரையிடாமல் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி விற்கும் குக்கீகளை, அவை எவ்வளவு சுவையாக இருந்தாலும், நாங்கள் வாங்குவதே இல்லை.

கோதுமை இல்லாதது என்ற வாசகமும் குளூட்டன் இல்லாதது என்ற வாசகமும் வேறு வேறு. நாங்கள் வாங்கப்போன பல தானியக் குக்கீ ஒன்றின் முகப்பில் கோதுமை சேர்க்கப்படவில்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பின்பக்கத்தில், சர்க்கரைக்கும் உப்புக்கும் இடையில், பார்லி மால்ட் சாறு, அதாவது முளைகட்டிய பார்லியின் சாறு, இருந்தது. முகப்பில் சொன்னது பொய் அல்ல. ஆனால் அவசரமாக வாங்கும் ஒரு தாயோ தந்தையோ அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பது தயாரித்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எனக்கு அதைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. மால்ட் என்ற சொல் கண்ணில் பட்டால், எதிலிருந்து எடுத்தது என்று தெளிவாகச் சொல்லாதவரை பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள். இதே ஆலையில் கோதுமையும் கையாளப்படுகிறது என்ற எச்சரிக்கை பல நாடுகளில் நிறுவனங்கள் விரும்பினால் அச்சிடும் ஒன்றே. அது இல்லை என்பதாலேயே கலப்படமும் இல்லை என்று முடிவுசெய்ய முடியாது. வெளி அமைப்பு ஒன்று சோதித்துத் தந்த முத்திரை இருப்பது இதைவிட உறுதியான ஆதாரம். கோட்டால் வெட்டப்பட்ட கதிர்ச் சின்னம் அப்படிப்பட்ட ஒன்று. சில சான்றிதழ் அமைப்புகள் 20-க்குப் பதிலாக 10 மில்லிகிராமையே வரம்பாக வைத்துக்கொள்கின்றன.

குளூட்டன் இல்லாதது என்று முகப்பில் எழுதிய சில பொட்டலங்களின் பின்பக்கத்தில் கோதுமை மாவுச்சத்து என்றிருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. கோதுமைதான் செலியாக் நோயைத் தூண்டுகிறது என்பதை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். அதைத் தொடர்ந்து அவரும் உடன் பணிபுரிந்தவர்களும் செய்த ஆய்வுகளில் தீங்கு செய்வது கோதுமையின் குளூட்டன் பகுதிதான், மாவுச்சத்து அல்ல என்பது தெளிவானது. குளூட்டனை 20 மில்லிகிராம் வரம்புக்குள் கழுவி நீக்கிய கோதுமை மாவுச்சத்தைப் பல நாடுகள் அனுமதிப்பது இதனால்தான். அதைக் கொண்டு செய்த குக்கீ ஒன்றைச் சாப்பிட்டபோது அதன் மிருதுவான உடைவு கோதுமைக் குக்கீக்கு மிக அருகில் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது. அவர்களுடைய நோய் வேறு.

உடல் இளைக்கவோ ஆரோக்கியத்துக்காகவோ இவற்றை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செலியாக் நோயோ குளூட்டன் ஒவ்வாமையோ இல்லாதவருக்கு இந்தக் குக்கீகளால் தனி நன்மை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சர்க்கரையும் கொழுப்பும் கோதுமைக் குக்கீயில் இருக்கும் அளவுக்கு இதிலும் இருக்கின்றன, புரதமும் நாரும் பெரும்பாலும் குறைவு. பல நாடுகளில் கோதுமை மாவில் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்க்கிறார்கள், மாற்று மாவுகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. குக்கீ குக்கீதான், தின்பண்டமாக எண்ணி வாங்கினால் வருத்தமில்லை.

பொட்டலத்தைத் திறந்த பிறகு இவை கோதுமைக் குக்கீயைவிட வேகமாக நமத்துப்போவதைக் கவனித்திருக்கிறேன். காற்றுப் புகாத டப்பாவுக்கு உடனே மாற்றிவிடுவது நல்லது. மொறுமொறுப்பான வகை நமத்துவிட்டால் 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கிய அடுப்பில் ஐந்து நிமிடம் வைத்து, தட்டிலேயே முழுவதும் ஆற விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. சூட்டோடு எடுத்தால் கையிலேயே உடையும். கோதுமைக் குக்கீகளைச் சுட்ட தட்டில் வைக்கும்போது அடியில் புதிய காகிதம் விரித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டு டப்பாவில் பாதாம் மாவுக் குக்கீயும், வெண்சோள மாவும் பக்வீட் மாவும் கலந்து செய்த மெல்லிய இஞ்சிக் குக்கீயும் நிரந்தரமாக இருக்கின்றன. உறுதிமொழி அச்சிட்ட ஓட்ஸ் குக்கீ கிடைக்கும்போது வாங்குகிறோம். வெண்ணெய்க் குக்கீயை ஒரு நிறுவனத்திடமிருந்து மட்டும், மாவை நன்றாக அரைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு வாங்குகிறோம். நடுவில் கிரீம் வைத்த இரட்டைக் குக்கீகளை மறுபடி வாங்கப்போவதில்லை. மேலும் கீழும் இருப்பது மாவுச்சத்து வில்லை, நடுவில் இருப்பது சர்க்கரை, என் தங்கை மகள் கிரீமை மட்டும் நக்கிவிட்டு மற்றதைத் தட்டில் வைத்துவிடுகிறாள்.